பழைய வீட்டுக்கு முதல் செலவு எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் பழைய வீடுகளைப் புதுப்பிப்பது பற்றி நீங்கள் வெளியிட்ட முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அழகாக இருந்தன. பளபளக்கும் தரை, பொய்க்கூரை, அதில் பதித்த விளக்குகள், சுவர் முழுக்க அலமாரி வைத்த சமையலறை எல்லாம் இருந்தன. ஆனால் ஒயரிங் பற்றி ஒரு வரிகூட இல்லை. கழிவறை பற்றி எழுதியவரும் சுவரில் ஒட்டும் டைல்ஸின் நிறத்தோடு நிறுத்திக்கொண்டார். இதைப் படித்துவிட்டு எத்தனை குடும்பங்கள் வைப்புநிதிப் பணத்தையும் ஓய்வூதியப் பணத்தையும் எடுத்து வீட்டு வேலையில் இறங்கும் என்று நினைத்தபோது எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் கும்பகோணத்தில் இயற்பியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் கணவருடைய பாட்டனார் கட்டிய வீட்டில் வசிக்கிறோம். திண்ணை, ரேழி, கூடம், நடுவில் முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், அடுப்படி, கிணற்றடி, கொல்லை என்று தெருவிலிருந்து பின்தெரு வரை நீளும் வீடு. எண்பது வயதைத் தாண்டிய என் மாமியார் எங்களோடு இருக்கிறார். வீட்டைச் சரிசெய்ய வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது உறவினர்களில் பாதிப்பேர் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டச் சொன்னார்கள். மீதிப்பேர் தரையையும் சமையலறையையும் மாற்றினால் போதும் என்றார்கள். இரண்டையும் நாங்கள் ஏற்கவில்லை. ஆளைக் கொல்லக்கூடியது எது, முதியவரைக் கீழே தள்ளக்கூடியது எது, சுவரையும் கூரையையும் உள்ளிருந்து அரிப்பது எது என்று பார்த்து அந்த வரிசையில்தான் பணம் செலவழித்தோம். பழைய வீடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் இந்த வரிசையைத்தான் பின்பற்ற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் மின்சாரம். எங்கள் வீட்டில் தேக்கு ரீப்பர் மேல் தகரக் கிளிப் அடித்து இழுத்த ஒயரிங் இருந்தது. கூடத்து மர போர்டைக் கழற்றியதும் எலெக்ட்ரீஷியன் தம்பி என்னை அழைத்து உள்ளே காட்டினார். ரப்பர் உறைக்கு மேல் துணிநூல் பின்னிய ஒயர். ஒன்றை விரலால் லேசாக வளைத்தார். ரப்பர் காய்ந்த மண்ணாகப் பொலபொலவென்று உதிர்ந்து, கம்பி வெறுமையாக வெளியே தெரிந்தது. "டீச்சர், இப்படியே மேலே பரண் வரைக்கும் போகிறது. அங்கே விறகும் பழைய பாயும் கிடக்கின்றன" என்றார். அன்றைக்கே மெயினை அணைத்துவிட்டுத் தற்காலிகமாக ஒரே ஓர் அறைக்கு மட்டும் புது ஒயர் இழுத்துக்கொண்டோம்.

அந்த ஒயரைப் போட்ட நாளில் வீட்டில் சில குண்டு பல்புகளும் ஒரு மின்விசிறியும் ஒரு வானொலிப் பெட்டியும்தான் இருந்தன. பிறகு ஒவ்வொரு தலைமுறையும் தன் பங்குக்கு மிக்சி, கிரைண்டர், பிரிட்ஜ், மோட்டார், வாட்டர் ஹீட்டர் என்று சேர்த்துக்கொண்டே வந்தது. ஒயர் மட்டும் அதே ஒயர். பழைய வீடுகளில் இன்னொன்றையும் பார்க்கலாம். சுவரில் மூன்று துளை பிளக் இருக்கும். கழற்றிப் பார்த்தால் பெரிய துளைக்குப் பின்னால், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகும் எர்த் ஒயரே இருக்காது. ஒரு காலத்தில் இரண்டு கம்பி மட்டும் இழுத்த வீட்டில், புதுச் சாமான் வாங்கும்போது பிளக்கை மட்டும் மாற்றிவிட்டுப் போயிருப்பார்கள். அந்தத் துளை பாதுகாப்பு தருகிறது என்று நம்பித்தான் குடும்பமே ஹீட்டரில் வெந்நீர் போடுகிறது.

வகுப்பில் பல ஆண்டுகள் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். எம்.சி.பி. (அளவுக்கு மேல் மின்சாரம் போனால் தானே அணையும் சுவிட்ச்) இருக்கிறது, ஷாக் அடித்தால் தானாக விழுந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். எம்.சி.பி. காப்பது ஒயரை. 16 ஆம்பியர் எம்.சி.பி. தன் அளவுக்கு மேல் மின்சாரம் போனால்தான் விழும். மனித உடல் வழியாக அவ்வளவு மின்சாரம் போகாது, உயிரை எடுக்க அதில் மிகச் சிறிய பங்கே போதும். ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்ற கருவி. பேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வீட்டுக்குப் போடுவது 30 மில்லி ஆம்பியர் வகை. 60 வாட் குண்டு பல்பில் ஓடும் மின்சாரத்தில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு கசிந்தாலே அது விழுந்துவிடும், அதுவும் நொடிக்குள். கடையில் 300 மில்லி ஆம்பியர் வகையும் கிடைக்கிறது. கசிவினால் தீப்பிடிக்காமல் தடுக்க அது உதவும், ஆளைக் காக்கப் போதாது. வாங்கும்போது எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். மேலே இருக்கும் டெஸ்ட் பொத்தானை அவ்வப்போது அழுத்தி, விழுகிறதா என்று பார்ப்பது அவசியம்.

கொல்லையில் புதிதாக எர்த் குழி போட்டோம். விளக்கு, மின்விசிறிக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், பிளக்குகளுக்கு 2.5, ஹீட்டருக்கும் ஏ.சி.க்கும் தனித்தனியாக 4 என்று ஒயர் இழுத்தோம். ஹீட்டருக்கும் ஏ.சி.க்கும் தனி எம்.சி.பி. சுண்ணாம்புக் காரைச் சுவரில் பள்ளம் வெட்டிக் குழாய் புதைக்க நான் ஒப்புக்கொள்ளவில்லை. சுவரின் மேலேயே பி.வி.சி. கேசிங் என்ற மூடி போட்ட பிளாஸ்டிக் பட்டையை அடித்தோம். பார்ப்பதற்கு அவ்வளவு எடுப்பாக இல்லை என்று என் மகளே சொன்னாள். நாளைக்கு ஒரு பழுது வந்தால் மூடியைத் திறந்து பார்த்துவிடலாம், சுவரை உடைக்க வேண்டியதில்லை. எனக்கு அது போதும்.

அடுத்தது கழிவறை. எங்கள் தலைமுறைப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கழிவறை கொல்லைக் கோடியில் இருக்கும். இரவில் எழுந்தால் அடுப்படித் தாழ்ப்பாளைத் திறந்து, கிணற்றடிப் பாசியைத் தாண்டி, இருட்டில் போக வேண்டும். மழை நாளில் கேட்கவே வேண்டாம். இரவில் எழ வேண்டி வருமே என்று மாலைக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்ட முதிய பெண்களை இந்தத் தெருவிலேயே எனக்குத் தெரியும். அதனால் வரும் சிறுநீர்த் தொல்லையையும் வெளியில் சொல்லாமல் பொறுத்துக்கொள்கிறார்கள். லட்சக்கணக்கில் தரைக்கு டைல்ஸ் போடும் குடும்பம் இதைக் கண்டுகொள்ளாமல் இருப்பது எனக்குப் பெரும் வேதனை.

அடுப்படியை ஒட்டி முன்பு நெல் குதிர் இருந்த சிறிய அறையைக் குளியலறையும் கழிவறையுமாக மாற்றினோம். உட்கார்ந்து எழும் உயரத்தில் மேற்கத்திய வகை பேசின், பக்கச் சுவரில் துருப்பிடிக்காத கைப்பிடிக் கம்பி, சொரசொரப்பான டைல்ஸ். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. உள்பக்கம் திறக்கும் கதவென்றால், உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் அவர் உடலே கதவுக்கு முட்டாகிவிடும், வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது. தாழ்ப்பாளும் அவசரத்துக்கு வெளியிலிருந்து திறக்கக்கூடிய வகைதான். இப்போது அத்தை இரவில் யாரையும் எழுப்பாமல் தானே போய் வருகிறார். வீட்டில் நாங்கள் செய்த வேலைகளிலேயே அவருக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

வாசலுக்குச் சாய்தளம் போடத்தான் ஆசைப்பட்டோம். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது பொதுவான விதி. எங்கள் திண்ணை உயரத்துக்குச் சாய்தளம் தெருவையே அடைத்துவிடும். குறுகிய இடத்தில் செங்குத்தாகச் சாய்தளம் போட்டால் சக்கர நாற்காலி உருண்டு ஓடும், அதைவிடப் படியே மேல். எனவே பழைய உயரமான கருங்கல் படிகளுக்கு நடுவில் பாதி உயரப் படிகளைச் சேர்த்து, ஒரு பக்கம் கைப்பிடி வைத்தோம்.

இனி சுவரும் கூரையும். இந்த இடத்தில் மாற்றக் கூடாதவை பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை பெயின்ட் உப்பி, உப்புப் பூத்து, தினமும் பெருக்கினாலும் தூள் கொட்டிக்கொண்டே இருக்கும் சுவர் பல பழைய வீடுகளில் உண்டு. உடனே காரையைக் கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசச் சொல்கிறார்கள். அந்தக் காலத்து அடித்தளத்தில் மண்ணின் ஈரம் மேலேறாமல் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் கிடையாது. செங்கல் ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புக் காரையில் உள்ள நுண்துளைகள் வழியாக அந்த ஈரம் காற்றில் போய்விடும். மேலே கெட்டியாகச் சிமெண்ட் பூசி, பட்டி வைத்து, பிளாஸ்டிக் பெயின்டும் அடித்துவிட்டால் வழி அடைபடுகிறது. ஈரம் நிற்காது, வெளியேற இடம் தேடி இன்னும் மேலே ஏறும். சில ஆண்டுகளில் சிமெண்ட் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று வரும்போது செங்கலின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு வருகிறது. மேலே பூசியது சரியில்லை என்று மறுபடியும் சிமெண்டே பூசுகிறார்கள்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடி அலைந்துதான் பிடித்தோம். எழுபதைத் தாண்டிய பெரியவர். பக்கத்துக் கிராமத்துக்காரர். சிறு வயதில் தன் தந்தையோடு இதே தெருவில் வேலை செய்தவர். சுண்ணாம்பைத் தொட்டியில் நீர்த்து, மேலே தண்ணீர் நிற்கும்படி பல நாள் ஊறவைத்த பிறகுதான் மணலைச் சேர்த்தார். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைக் கலவைக்கு ஊற்றினார். பூசியபின் வெயில் படாமல் கோணிச் சாக்கு நனைத்துத் தொங்கவிடச் சொன்னார். "அம்மா, இது அவசரப்பட்டால் வெடித்துவிடும். காற்றைக் குடித்துக் குடித்துத்தான் இறுகும்" என்றார். பாடப்புத்தகத்தில் சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஏற்றுச் சுண்ணாம்புக் கல்லாகிறது என்று எழுதியிருப்பதைத்தான் அவர் தன் கை அறிவால் சொன்னார்.

கூடத்துக்கு மேலே மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாகச் சாய்வு வரிசையில் சுண்ணாம்பில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு என்ற தட்டையான ஓட்டைப் பதித்த தளம். ஒழுகியபோது இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். இருவரும் மேலே சிமெண்ட் கான்கிரீட் போட்டுவிடலாம் என்றார்கள். ஏற்கனவே பாரம் தாங்கும் கட்டைகளின் மேல் இன்னொரு பாரத்தை ஏற்றுவது எப்படித் தீர்வாகும்? பெரியவர் முதலில் மேலே ஏறவே இல்லை. கூடத்தில் ஏணி வைத்து, ஒவ்வொரு கட்டையும் சுவருக்குள் நுழையும் முனையைச் சுத்தியலால் தட்டிக் காதில் கேட்டார். பிறகு கூரான கம்பியைக் குத்திப் பார்த்தார். நடுவில் கணீரென்று ஒலித்த கட்டை சில இடங்களில் முனையில் மட்டும் பொத்தென்று ஒலித்தது. கட்டை அழுகுவது பெரும்பாலும் அங்கேதான், சுவர் ஈரம் தொடும் இடத்தில். அப்படிப்பட்டவற்றுக்கு மட்டும் அடியில் இரும்புத் தாங்கு கொடுத்தோம். மேலே உடைந்த தட்டோடுகளை மாற்றி, வாட்டத்தைச் சரிசெய்து, கைப்பிடிச் சுவரில் வேர் விட்டிருந்த அரசங்கன்றை வேரோடு அகற்றினோம். ஆண்டுதோறும் மழைக்கு முன் அந்தக் கன்றை மேலே மட்டும் ஒடித்துவிட்டு வருபவர்கள் வேர் உள்ளே தடிப்பதைக் கவனிப்பதில்லை. இந்த ஐப்பசி மழையில் ஒரு சொட்டு இறங்கவில்லை.

முற்றத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குரங்குக்கும் திருடனுக்கும் பயந்து கம்பி போடுவது நியாயம். அதன் மேல் பிளாஸ்டிக் ஷீட்டை வைத்து நான்கு பக்கமும் அடைத்துவிடுவது வீட்டின் மூச்சை அடைப்பதாகும். சூடான காற்று மேலே போக வழியில்லாமல் கூடம் வெந்துபோகிறது, பிறகு ஏ.சி. வாங்குகிறார்கள். ஷீட் வேண்டும் என்றால் கூரையின் விளிம்பிலிருந்து உயர்த்தி, நான்கு புறமும் இடைவெளி விட்டு வைக்கலாம். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். முற்றத்துத் தண்ணீரை மணலும் ஜல்லியும் போட்ட தொட்டியில் வடிகட்டிக் கிணற்றில் விட்டால் போதும். பழைய வீட்டில் இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. கூடத்துச் சிவப்புச் சிமெண்ட் தரையை நாங்கள் தொடவில்லை. ஈரக்காலோடு நடந்தாலும் அத்தைக்கு அதில் வழுக்கியதில்லை.

வேலையின்போது ஏற்படும் ஆபத்தையும் யாரும் சொல்வதில்லை. பழைய எனாமல் பெயின்டில் ஈயம் கலந்திருக்கலாம். வீட்டுப் பெயின்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கதவு, சன்னல் பெயின்டை உலர்வாகத் தேய்த்தால் கிளம்பும் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கே கேடு. தண்ணீர் தொட்டு நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். கைக்குழந்தையையும் கர்ப்பிணியையும் அந்த நாள்களில் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. கொல்லையில் கிடக்கும் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைச் சுத்தியலால் உடைத்து அள்ளுவதும் ஆபத்தானது. நனைத்து, முழுதாகக் கழற்றி இறக்க வேண்டும். வேலையாட்களுக்கு முகக்கவசம் வாங்கித் தருவது வீட்டுக்காரரின் கடமை.

அரசுக்குச் சில கோரிக்கைகளையும் உங்கள் வழியாக வைக்கிறேன். புது மின் இணைப்பு தரும்போது ஒயரிங் சரியாக இருக்கிறது என்று அறிக்கை கேட்கிறார்கள். அதன்பின் பல பத்தாண்டுகள் அந்த ஒயரிங்கை யாரும் சோதிக்கக் கேட்பதில்லை. வீட்டு உரிமையாளர் இறந்து இணைப்பு வாரிசின் பெயருக்கு மாறும்போது, உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரின் சோதனை அறிக்கையையும் எர்த் மின்தடை அளவையும் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் பெரும்பாலான பழைய வீடுகள் தலைமுறைக்கு ஒரு முறையாவது சோதனைக்கு வந்துவிடும்.

வருமான வரியின் பழைய முறையில், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டை வாங்கவோ கட்டவோ பெற்ற கடனின் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு. பழுது பார்க்கவும் புதுப்பிக்கவும் பெற்ற கடனின் வட்டிக்கு 30,000 ரூபாய்தான். இருக்கும் வீட்டைக் காப்பாற்றிக்கொள்பவருக்கு இது அநீதி. ஒயரிங், கழிவறை, கூரைப் பழுது இவற்றுக்காகப் பெறும் கடனுக்காவது இந்த வரம்பை உயர்த்த வேண்டும்.

மூன்றாவதாக, சுண்ணாம்பு வேலை. கோயில் திருப்பணிகளில் சுண்ணாம்புக் காரை மீண்டும் பயன்படுகிறது. புதுச்சேரி வைசியாள் தெருவில் பழைய வீட்டு முகப்புகளை மீட்டெடுத்த பணி 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருதைப் பெற்றது. கைத்தொழில் இன்னும் அழிந்துவிடவில்லை, ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்த பெரியவரிடம் கற்றுக்கொள்ள ஒரு பையனும் இல்லை. டெல்டா மாவட்டங்களின் ஐ.டி.ஐ.களில் கொத்து வேலைப் பாடத்தோடு சுண்ணாம்புக் கலவையையும் மெட்ராஸ் டெரஸ் பழுதுபார்ப்பதையும் சேர்த்து, இப்படிப்பட்ட பெரியவர்களையே மதிப்பூதியம் தந்து ஆசிரியர்களாக அமர்த்தலாம். பெரியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பதும் உண்டு. வீட்டுப் பக்கத்தில் அடுத்த முறை ஓர் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனையும், ஒரு சுண்ணாம்புக் கொத்தனாரையும், வீட்டுக்குள் கழிவறை வந்த ஒரு மூதாட்டியையும் பேச வையுங்கள். பழைய வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றியும் எழுதுங்கள். சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட அவர்களுக்கு உரிமையில்லை. அவர்கள் பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று பார்ப்பது வாடகை வாங்குபவரின் பொறுப்பு. அதை வீட்டுக்காரர்களிடம் எடுத்துச் சொல்ல உங்கள் பத்திரிகையால் முடியும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியை,
கும்பகோணம்.